கிணற்றில் விழாத தாம்பாளம்

மைசூரில் எங்களுக்கு வீடு கிடைத்தது ஊதுபத்தியால். தேவராஜ மொஹல்லாவுக்குப் பின்னால் ஒரு ஊதுபத்திப் பட்டறையில் நான் மாவு கலக்கும் வேலையில் இருந்தேன். சந்தனத் தூள், கரித் தூள், சாம்பிராணி எல்லாம் எந்த அளவில் சேர வேண்டும் என்று மூக்கால் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு. அந்த மூக்கைப் பற்றி எனக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. பட்டறைக்கு வாடிக்கையாக வந்துகொண்டிருந்த ஓர் ஐயங்கார், அரண்மனைக் கச்சேரியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், ஒருநாள் தம் வீட்டுப் பின்கட்டு காலியாக இருப்பதைச் சொல்லி, "தமிழ் பேசறவன், பெருமாளுக்கு ஊதுபத்தி பண்றவன். நீயே வந்து இருந்துக்கோ" என்றார்.

ஒரே ஒரு நிபந்தனை. மாமிசம், மீன், முட்டை எதுவும் அந்த வாசற்படியைத் தாண்டக் கூடாது. கற்பூரத்தை ஏற்றி அதன்மேல் கையை வைத்துச் சொல்லச் சொன்னார். சொன்னேன். நாங்கள் ராமாபுரத்துக் குடியானவர்கள். நோம்பி, திருவிழா என்றால் ஆடு, விருந்தாளி என்றால் கோழி. ஆனால் மகாராஜா சீமைக்கு வந்து ஆறு மாதம் சத்திரமும் சந்துமாய் அலைந்தவன், வீடு கிடைக்கும் என்றால் கற்பூரம் என்ன, கொதிக்கிற எண்ணெயிலேயே கையை விடுவான்.

முன்கட்டில் அவரும் அவர் மனைவியும். பின்கட்டில் நாங்கள். பக்கவாட்டில் இரண்டு கட்டுக்கும் பொதுவாக ஒரு கொல்லை. நடுவில் கிணறும் துவைக்கிற கல்லும். கிணற்றுக்கு அந்தப் பக்கம் ஐயங்காரம்மாவின் சமையலறைக் கதவு, இந்தப் பக்கம் எங்கள் கதவு. கொல்லைக் கோடியில் ஒரு மதில், அதில் சந்துக்குத் திறக்கிற சின்னக் கதவு. இவ்வளவையும் சொல்லக் காரணம், அந்தத் தீபாவளியன்று நான் ஓடின ஓட்டமெல்லாம் இந்தக் கொஞ்ச இடத்துக்குள்தான்.

என் மனைவி இரண்டு தடவை நாலாம் மாதத்தில் கருவைப் பறிகொடுத்தவள். மூன்றாவது நின்றபோது எங்களுக்குச் சந்தோஷப்படவே பயமாக இருந்தது. தீபாவளிக்கு மூன்று வாரம் இருக்கையில் வாந்தி ஆரம்பித்தது. எல்லாருக்கும் வருகிற வாந்தி இல்லை அது. சோற்றைக் கண்டால் வாந்தி, பாலைக் கண்டால் வாந்தி, தண்ணீர் குடித்தால் கால்மணி நேரத்தில் அதுவும் வெளியே. லேடி டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். படுக்கையை விட்டு அசையக் கூடாது, வண்டியில் ஏற்றவே கூடாது என்றார். போகும்போது என்னை வாசலுக்குக் கூப்பிட்டு, "வயித்துல ஏதாவது தங்கணும். தங்கலைன்னா இந்தத் தடவை கொழந்தை மட்டும் போகாது" என்று சொல்லிவிட்டு ஜட்காவில் ஏறிக்கொண்டார். அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய்ச் சிரித்த முகமாக அவளிடம் பேச வேண்டியிருந்தது. அந்த மாதிரி நடிப்பு என் பகையாளிக்கும் வேண்டாம்.

பதினெட்டு நாள். கன்னம் ஒட்டி, கை வளையல் முழங்கை வரைக்கும் ஏறியது. அவளுக்குத் தாய் இல்லை, அழைத்துப்போய் வைத்துக்கொள்ள ஆள் இல்லை. நான் செய்யாத கஞ்சி இல்லை, வேண்டாத சாமி இல்லை. பதினெட்டாம் நாள் சாயங்காலம் அவளே வாயைத் திறந்தாள்.

"ஏனுங்க, சொன்னா திட்டக் கூடாது."

"சொல்லு புள்ள."

"மாரியம்மன் நோம்பிக்கு ஆடு வெட்டுனா எங்கப்பன் காட்டோரத்துல ஈரலைச் சுட்டுக் குடுப்பாங்க. வெறும் உப்பும் மஞ்சளும் தடவி, கருவேலங்கரியில போட்டு. அது ஒரு துண்டு கெடைச்சா வாயில போட்டு உங்கலாமுன்னு தோணுதுங்க. அதை நெனைச்சாத்தான் கொமட்டலை."

சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கற்பூரத்தில் கை வைத்தது அவளுக்கும் தெரியும். எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. அடி பாவி, ஊரில் உள்ள பண்டம் எல்லாம் இருக்க, இந்த வீட்டில் ஆகாத ஒன்றைத்தானா கேட்க வேண்டும்! பிறகு வந்தது கோபம் இல்லை. அவள் பதினெட்டு நாளில் முதன்முதலாக ஒன்றை வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். அதைக் கொடுக்காமல் அவள் போய்விட்டால் நான் எதற்கு இருக்க வேண்டும்?

மறுநாள் கறிச்சாப்பாடு போடுகிற மிலிட்டரி ஓட்டலில் வறுத்த ஈரலை வாங்கி, சந்துக் கதவுக்கு வெளியே வைத்தேன். வாசற்படி தாண்டவில்லை பாருங்கள். அவளைத் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்து தூக்குப் போசியைத் திறந்தேன். மசாலாவும் எண்ணெயும் மூக்கில் ஏறினதும் மதிலைப் பிடித்துக்கொண்டு குடலே வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தாள். சுட்டதுதான் வேண்டும். சுட்ட சூட்டோடு வேண்டும். அவளால் ஓரிடத்துக்கும் போக முடியாது என்றால், நெருப்பு அவள் இருக்கிற இடத்துக்கு வந்தாக வேண்டும்.

எனக்கு மைசூரில் சிநேகிதர்கள் என்று இரண்டே பேர். ஒருவர் மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், தமிழ்க் கிறிஸ்தவர், பிறந்து வளர்ந்ததெல்லாம் மைசூர், பேச்சில் பாதி கன்னடம். இன்னொருவர் குண்டலுபேட்டைக்காரர், மார்க்கெட்டில் வெற்றிலை வியாபாரம். வெற்றிலைக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து நான் அழாத குறையாகச் சொன்னேன். கம்பவுண்டர் கொஞ்ச நேரம் தாடையைச் சொறிந்தார்.

"அண்ணா, சும்மா யோச்னெ பண்ணாதே. கறி வாசப்படி தாண்டக் கூடாது, அஷ்டேதானே, அவ்ளோதானே? கொல்லைக்கு ஏது வாசப்படி?"

"வாசனை?" என்றேன்.

"நாளன்னிக்கு தீவாளி" என்றார் வெற்றிலைக்காரர். "ஊரெல்லாம் மருந்து நாத்தம் நாறும். உங்க கொல்லையில நாம மூணு பேரும் பட்டாசு வெடிச்சா எவன் கேப்பான் மாராயா?"

மிச்சத்தை நானே முடித்தேன். வெடிமருந்துப் புகை ஒரு பங்கு, சாம்பிராணி இரண்டு பங்கு, அதன்மேல் சந்தனத் தூள் ஒரு பிடி. ஈரல் வாசனை அதற்குள் இருக்கிற இடமே தெரியாது. வாசனை என் தொழில், இதை நான் செய்யாமல் யார் செய்வது என்று மார்தட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கக் கிளம்பினவனுக்கு இருக்கிற தைரியம் அது.

ஐயங்காரிடம் அனுமதி கேட்டேன். "சிநேகிதங்க ரெண்டு பேரு வருவாங்க. கொல்லையில பட்டாசு வெடிக்கலாமுங்களா?" "பேஷா வெடி. கெணத்துல வாணம் விழாமே பார்த்துக்கோ" என்று மூக்குப்பொடியை உதறினார். அந்தச் சிட்டிகைப் பொடியைப் பார்த்த என் மண்டைக்கு அப்போது ஒன்றும் எட்டவில்லை.

தீபாவளி விடிந்தது. எண்ணெய்க் குளியல் எனக்கு மட்டும்தான். அவள் கட்டிலில் இருந்தபடியே தலையில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டாள். பகலெல்லாம் தூறல். மழை பிடித்துக்கொண்டால் நெருப்பும் இல்லை, வெடியும் இல்லை என்று நான் வானத்தைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

நாலு மணிக்குத் தூறல் விட்டது. ஐயங்காரம்மா பின்கதவைத் திறந்துகொண்டு, வாழையிலை மூடின ஒரு பித்தளைத் தாம்பாளத்தோடு கிணற்றடிக்கு வந்தார். எங்கள் கையில் எதையும் கொடுக்க மாட்டார். துவைக்கிற கல்லில் வைப்பார், நாங்கள் எடுத்துக்கொள்ள வேண்டும். அதிர்ந்து பேசாத அம்மாள், எங்களிடம் அதிகம் பேசினதே கிடையாது.

"தேங்குழல் இருக்கு, திரட்டுப்பால் இருக்கு. இன்னிக்காவது அவ வாயில ஏதாவது வெச்சுண்டாளா?"

"உண்டாளுங்கம்மா" என்று பொய் சொன்னேன். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

பட்சணத்தை எங்கள் பாத்திரத்துக்கு மாற்றினேன். என் மனைவி கட்டிலில் இருந்தே குரல் கொடுத்தாள். "ஏனுங்க, தட்டை வெறுமனே திருப்பிக் குடுத்துராதீங்க. பழம் வெத்தலை ஏதாச்சும் வெச்சுக் குடுங்க." வாயில் பச்சைத் தண்ணீர் நிற்காதவளுக்கு இந்த முறை மட்டும் மறக்கவில்லை. சரி என்று தாம்பாளத்தைக் கழுவிக் கல்லிலேயே கவிழ்த்து வைத்தேன். நல்ல அகலமான, கனத்த தாம்பாளம். விளிம்பில் ஐயங்காரம்மாவின் பெயரெழுத்து வெட்டியிருந்தது. பிறந்த வீட்டில் கல்யாணத்துக்குக் கொடுத்தது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சிநேகிதர்கள் சந்துக் கதவு வழியாக வந்தார்கள். வெற்றிலைக்காரர் தலையில் கூடை. மேலே சீன வெடிச் சரம், புஸ்வாணம், எலிவாணம். அதற்குக் கீழே வெற்றிலை. அதற்கும் கீழே, ஈரத் துணியில் சுற்றி, ஆட்டு ஈரலும் ஒரு துண்டுத் தொடைக்கறியும். கம்பவுண்டர் ஆஸ்பத்திரியில் இருந்து ஒரு நீள இடுக்கியைக் கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்திருந்தார். "புண்ணைத் தொட்டதில்லெ, புதுசு" என்று சத்தியம் செய்தார்.

மதிலோரம் ஆமணக்குச் செடி மறைவில் ஒரு முழம் ஆழத்துக்குக் குழி தோண்டி, செங்கல் அடுக்கி வைத்திருந்தேன். கருவேலங்கரியை மூட்டினேன். ஊதுபத்திக்குச் சீவாமல் வைத்திருந்த தடித்த மூங்கில் குச்சிகளை நனைத்து, ஈரல் துண்டுகளுக்கு உப்பும் மஞ்சளும் தடவிக் கோத்தேன். என் மனைவியைக் கட்டிலோடு பின்கதவருகே இழுத்துப் போட்டிருந்தேன். போர்வைக்குள் இருந்து கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண் நெருப்பை விட்டு நகரவில்லை.

அப்புறம் நடந்ததை விருந்து என்பதா, யுத்தம் என்பதா? கம்பவுண்டர் விசிறினார். நான் சாம்பிராணித் தட்டோடு கொல்லையை வலம் வந்தேன். வெற்றிலைக்காரர் திரியைப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றார். கறியில் இருந்து கொழுப்பு சொட்டிக் கரியில் 'ஸ்ஸ்' என்றதும் "போடுங்க வெடியை!" என்பேன். சடசடவென்று ஒரு சரம் வெடிக்கும். மறுபடி 'ஸ்ஸ்'. மறுபடி சரம். புஸ்வாணம் ஆள் உயரத்துக்குப் பொரிந்தது. எலிவாணம் ஒன்று தாறுமாறாய்ப் போய்க் கம்பவுண்டரின் வேட்டிக்குள் நுழையப் பார்த்தது. அவர் ஆடின ஆட்டத்தைப் பார்த்து, மூன்று வாரத்தில் முதல் தடவையாக என் மனைவி சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டு எனக்கு அழுகை வந்தது, புகை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

முன்கட்டு ஜன்னலில் இருந்து ஐயங்காரின் குரல் வந்தது. "பலே! ஜோரா இருக்குடா!"

ஆளுக்கு ஒரு துண்டுத் தொடைக்கறியை நின்றபடியே அவசர அவசரமாய்த் தின்றோம். தீபாவளி விருந்து வைத்தேன் என்று சொல்ல எனக்கே வெட்கமாக இருந்தது. சிநேகிதர்களோ சாட்சியத்தை அழிக்கிறவர்கள் மாதிரி எலும்பைக்கூட நெருப்பிலேயே போட்டார்கள். ஈரல் முழுவதும் அவளுக்கு.

"வெந்துது. தட்டு கொடு, தட்டு!" என்றார் கம்பவுண்டர். புகையில் எனக்குக் கண் திறக்கவில்லை. கைக்கு எட்டின தட்டை எடுத்து நீட்டினேன். அவர் ஈரலை அதில் இறக்கி, சூடு ஆறாமல் இருக்க இரண்டு வாழையிலையால் மூடி நெருப்போரம் வைத்தார். அதே சமயம் வெற்றிலைக்காரர் எங்கள் தட்டில் பழமும் வெற்றிலையும் ஒரு கட்டு முதல்தர ஊதுபத்தியும் அடுக்கி, அதையும் இலை போட்டு மூடிப் பக்கத்தில் வைத்திருக்கிறார். எந்தத் தட்டு யாருடையது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

கிணற்றுக்கு அந்தப் பக்கம் கதவு திறந்தது.

"தாம்பாளத்தைக் கொண்டா. மங்களாரத்தி எடுக்கணும், நாழியாறது."

ஐயங்காரம்மா கிணற்றைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிடப் போகிறாரே என்ற ஒரே பயம் எனக்கு. "வந்தேனுங்கம்மா!" என்று இரண்டு தட்டுகளின் விளிம்பையும் விரலால் தடவினேன். ஒன்றில் வெட்டின எழுத்து தட்டுப்பட்டது. சரி, இதுதான் அவர் தாம்பாளம் என்று நிச்சயம் செய்துகொண்டு தூக்கிக்கொண்டு ஓடினேன். தட்டு சுட்டது. நெருப்போரம் இருந்ததல்லவா, சுடத்தானே செய்யும் என்று நினைத்தேன். மூக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஒரு மணி நேரம் மருந்துப் புகையும் சாம்பிராணியும் குடித்த மூக்கு. என் மூக்கை நானே கொன்றிருந்தேன். அவர் வாசற்படிக் கல்லில் வைத்துவிட்டு, பிழைத்தோம்டா சாமி என்று திரும்பினேன்.

"கொண்டாங்க, அவளுக்குக் குடுக்கலாம்" என்றேன். கம்பவுண்டர் மீதித் தட்டை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார். அவள் எழுந்து உட்கார்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, இலையை நீக்கினாள்.

ஆறு வாழைப்பழம். வெற்றிலை. ஊதுபத்தி.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். ஏமாந்த குழந்தை அழுவதற்கு முன்னால் ஒரு கணம் பார்க்குமே, அந்தப் பார்வை. "ஐயோ தேவரே" என்று கடவுளைக் கூப்பிட்டார் கம்பவுண்டர்.

ஓடினேன். ஐயங்காரம்மா ஒரு கையில் அகல்விளக்கோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். இன்னொரு கையில் வாழையிலை. விளக்கு வெளிச்சத்தில், அவர் பிறந்த வீட்டுத் தாம்பாளத்தில், மஞ்சள் பூசின ஈரல் மூங்கில் குச்சியோடு ஆவி பறந்துகொண்டிருந்தது. அவர் முகம் வெளுத்திருந்தது.

காலில் விழக்கூட எனக்குத் தோன்றவில்லை. கை இரண்டையும் கூப்பிக்கொண்டு மரம் மாதிரி நின்றேன். பொய் சொல்லலாமா என்று நினைத்தேன், ஒரு பொய்யும் அகப்படவில்லை. "மூணு வாரமா அவ ஒண்ணும் உங்கலைங்கம்மா" என்றேன். "இது ஒண்ணுதான் கேட்டா. இல்லீன்னா செத்துருவாளுங்க." அவ்வளவுதான் வந்தது.

உள்ளேயிருந்து ஐயங்கார் கூப்பிட்டார். "என்னடி, தாம்பாளம் வந்துதா இல்லையா? கற்பூரம் கரையறது!"

எங்கோ தெருக்கோடியில் ஒரு வெடி வெடித்தது. அந்த அம்மாள் என்னைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், கிணற்றுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் உட்கார்ந்திருந்த போர்வையைப் பார்த்தார்.

"தாம்பாளம் கெணத்துல விழுந்துடுத்து!" என்று உள்ளே பார்த்துச் சொன்னார். "வேற தட்டு எடுத்துக்கோங்கோ."

பிறகு குடத்தை எடுத்து, அந்தப் படி மேலும் தட்டு மேலும் மடமடவென்று தண்ணீரைக் கொட்டினார். ஈரல் துண்டுகள் தண்ணீரில் மிதந்தன. "எடுத்துண்டு போ. அது இனிமே இந்தாத்துக்குள்ளே வர வேண்டாம்" என்று தணிந்த குரலில் சொல்லிக் கதவை வெளியிலிருந்தே சாத்தினார். நான் மதிலோரம் போய்ச் சேர்வதற்குள் அவர் கிணற்றடியில் தலையோடு தண்ணீர் ஊற்றிக்கொள்கிற சத்தம் கேட்டது. அந்தக் குளிரில், தீபாவளி ராத்திரியில்.

நனைந்த ஈரலோடு திரும்பினவன், என்ன பேசினேன் என்று எனக்கே நினைவில்லை. கம்பவுண்டரைத் திட்டினேன், வெற்றிலைக்காரரைத் திட்டினேன், என் தலையில் படீர் படீர் என்று அடித்துக்கொண்டேன். "போச்சு, எல்லாம் போச்சு, வீடும் போச்சு, நீயும் போகப் போற" என்று அவளிடமே கத்தினேன் என்று பின்னால் சொன்னார்கள்.

அவள் கட்டிலில் இருந்து இறங்கினாள். யாரும் பிடிக்கவில்லை. மெல்ல நடந்து வந்து குழியோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"வெசனப்படாதீங்க. நனைஞ்சா என்ன, இன்னொருக்காச் சுட்டாப் போச்சு."

கரி அணைகிற நிலைமையில் இருந்தது. அவளே ஊதினாள். ஊத மூச்சு இல்லாமல் நிறுத்தி நிறுத்தி ஊதினாள். ஒரு துண்டைச் சுட்டு, விரலால் தட்டிப் பார்த்து, வாயில் போட்டு மென்றாள். விழுங்கினாள். நாங்கள் மூன்று ஆண்பிள்ளைகளும் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றோம். கம்பவுண்டர் கைக்கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கால்மணி ஆயிற்று. அரைமணி ஆயிற்று. அவள் இரண்டாவது துண்டைக் குச்சியில் கோத்தாள். வெற்றிலைக்காரர் மிச்சம் இருந்த ஒரே புஸ்வாணத்தை எடுத்துப் பற்ற வைத்தார். அது எந்த வாசனையையும் மறைப்பதற்காக இல்லை.

அன்றைக்குத் தங்கினது மறுநாள் கஞ்சியையும் தங்க வைத்தது. ஆனால் நான் நிம்மதியாய் ஒரு வேளை சாப்பிடவில்லை. இன்றைக்குக் காலி செய்யச் சொல்வாரா, நாளைக்கா என்று ஒவ்வொரு காலடிச் சத்தத்துக்கும் எழுந்து நின்றேன். மூன்றாம் நாள் ஐயங்கார் வந்தார்.

"ஏண்டா, நீ திடகாத்திரமா இருக்கே. சித்தே கெணத்துல எறங்கிப் பாரேன். அவ ஆத்துலேர்ந்து வந்த தாம்பாளம். மூணு நாளா மொகமே சரியில்லே அவளுக்கு."

தாம்பாளம் என் கட்டிலுக்கடியில், பழைய சாக்குக்குள் இருக்கிறது. நான் கயிற்றைக் கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குகிறேன். திருடனுக்குத் தேள் கொட்டினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். பனி விழுகிற காலத்துத் தண்ணீர். பல் கிட்ட முங்கி முங்கித் தேடினேன், இல்லாததை எவ்வளவு நேரம் தேடினால் நம்புவார் என்று யோசித்துக்கொண்டே. கடைசியில் யாரோ எந்தக் காலத்திலோ போட்ட ஒரு செப்புச் சொம்பு அகப்பட்டது. "தாம்பாளம் சேத்துல பொதைஞ்சிருக்கும் போல" என்று ஐயங்கார் வருத்தப்பட்டார். சமையலறை ஜன்னலில் அந்த அம்மாள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இன்னும் நாலு நாள் கழித்து, கிணற்றடியில் தண்ணீர் இழுத்துக்கொண்டிருந்தபோது ஐயங்காரம்மாவே பேசினார். என்னைப் பார்த்து இல்லை, ராட்டினத்தைப் பார்த்து.

"இத்தனை சாம்பிராணி யாருக்காகப் போட்டே? பொடி போட்டுப் போட்டு அவருக்கு மூக்கு போய் இருபது வருஷம் ஆச்சு. எனக்கு எல்லாம் தெரிஞ்சுது. மொதல் வெடிக்கு முன்னாடியே தெரிஞ்சுது."

வாளியை இழுத்துக் குடத்தில் ஊற்றிக்கொண்டே தொடர்ந்தார்.

"அவ வாந்தி எடுக்கற சத்தம் என் தளிகை உள்ளுல அடுப்பண்டை வரைக்கும் கேக்கும். மூணு வாரம் கேட்டேன். மறுநாள் கேக்கலே. போயிட்டாளோன்னு பயந்து, கதவைத் தெறந்து பார்த்தேன். உக்காந்து கஞ்சி குடிச்சுண்டிருந்தா." குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டார். "பிரசவம் ஆகற வரைக்கும் இருங்கோ. அப்புறம் வேற ஆம் பார்த்துக்கோங்கோ. பெருமாளுக்குத் தளிகை பண்ற எடம் இது. என்னால ஆகலே."

நன்றி சொல்ல வேண்டியவன், எனக்கு ஆத்திரம்தான் வந்தது. உயிரைக் கொடுத்துவிட்டு வீட்டைப் பிடுங்குகிறாளே என்று அன்று பூரா பொருமினேன். "நீங்க கை வெச்ச கற்பூரத்துக்கு அவங்க பொய் சொல்லியிருக்காங்க. அதுக்கும் மேல என்ன பண்ணச் சொல்றீங்க?" என்றாள் என் மனைவி. அப்படியும் கோபம் போகவில்லை. அந்தக் கோபம் என் கூடவே ரொம்ப நாள் இருந்தது.

சித்திரையில் பெண் பிறந்தது. மிஷன் ஆஸ்பத்திரியில், கம்பவுண்டர் வராந்தாவில் ஜெபம் சொல்லிக்கொண்டு நடக்க, ஒரு குறையும் இல்லாமல் பிறந்தது. இரண்டாம் மாதம் மார்க்கெட் பக்கத்துச் சந்தில் வேறு வீடு பார்த்தேன். ஜட்காவில் சாமான் ஏற்றின அன்று ஐயங்கார் கோவிலுக்குப் போயிருந்தார்.

நான் சாக்கை இழுக்கும்போது என் மனைவி அந்தத் தாம்பாளத்தை வாங்கி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று கழுவினாள். "பைத்தியமா உனக்கு? அவங்கதான் வீட்டுக்குள்ள வரக் கூடாதுன்னாங்களே" என்றேன். அவள் கேட்கவில்லை. ஒரு வெள்ளைத் துணியை மடித்துத் தட்டில் விரித்து, குழந்தையை அதில் படுக்க வைத்து, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கிணற்றைச் சுற்றி அந்தப் பக்கம் போனாள். வாசற்படிக்கு வெளியே துவைக்கிற கல்லில் இறக்கி வைத்தாள். குழந்தையின் கால் விளிம்புக்கு வெளியே உதைத்துக்கொண்டிருந்தது.

ஐயங்காரம்மா கதவைத் திறந்தார்.

"தட்டை வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுங்களேம்மா" என்றாள் என் மனைவி.

அந்த அம்மாள் குழந்தையின் உதைக்கிற காலைப் பார்த்தார். பிறகு படியிறங்கி வந்து, எங்கள் கையில் ஒரு பூக்கூடக் கொடுத்தறியாத அந்தக் கையால், குழந்தையைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டார். ஜட்காக்காரன் மூன்று முறை கூப்பிட்டும் கொடுக்கவில்லை. கொடுத்தபோது தாம்பாளத்தை எங்கள் பக்கமாக நகர்த்தி வைத்தார்.

"இது உன் பொண்ணுக்கு. அவரைப் பொறுத்தவரைக்கும் அது கெணத்துலயேதான் இருக்கு."

வண்டி சந்து முனை திரும்புமுன் கிணற்று ராட்டினச் சத்தம் கேட்டது. குளிக்கிறார். அன்றைக்கு எனக்குக் கோபம் வரவில்லை.